டெஸ்டோஸ்டிரோன் குறைவா? கொழும்பில் பரிசோதனையும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்டோஸ்டிரோன் என்பது விதைகளில் சுரக்கும் ஆண் ஹோர்மோன். ஆண்கள் இதைப் பற்றிக் கதைப்பது குறைவு. கதைத்தாலும் பார்மசிக் கவுண்டரில் தணிந்த குரலில், இல்லாவிட்டால் ஜிம்மில் பகிடியாக. அதனால் உண்மையிலேயே ஹோர்மோன் குறைந்தவர் பல வருடம் சும்மா இருந்துவிடுகிறார். குறைவே இல்லாதவர் ஊசி போட்டுக்கொள்கிறார். இந்த இரண்டாவது கூட்டம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. கீழே உள்ள பதில்கள் பொதுவானவை. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரின் சொல் இதற்கு மேல்.

எனக்கு 38 வயசு. எந்த நேரமும் களைப்பு. டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்சிருக்குமோ?

இருக்கலாம். ஆனால் களைப்பை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விடிய ஐந்தரைக்கு எழும்பி, காலி வீதி நெரிசலில் நின்று, இரவு பத்துக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டு மணி வரை போனைப் பார்த்துவிட்டுப் படுக்கிறவருக்கு எல்லா ஹோர்மோனும் சரியாக இருந்தாலும் களைக்கத்தான் செய்யும். இதைவிடச் சீனி வருத்தம், இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு எல்லாம் இருக்கின்றன. கவனமான குடும்ப வைத்தியர் முதலில் எப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), சீனி, தைரொயிட் ஆகியவற்றுக்குத்தான் எழுதித் தருவார். அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்படியெண்டா என்ன அறிகுறி இருந்தால் சந்தேகப்படலாம்?

முக்கியமானவை மூன்று: உடலுறவில் ஆசை குறைவது, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு இல்லாமற் போவது, உறவின்போது விறைப்பு நிற்காதது. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 40 முதல் 79 வயது வரையான ஆண்களை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றில், ஹோர்மோன் அளவோடு ஒழுங்காக ஒத்துப்போனவை இந்த மூன்றும்தான். மூன்றும் சேர்ந்து இருந்து, இரத்தத்திலும் குறைவு இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். விளம்பரங்களைப் பார்த்தால் நாற்பது தாண்டிய பாதிப்பேருக்கு இந்தக் குறை இருப்பதுபோலத் தோன்றும்.

தாடி மீசை, அக்குள் முடி ஐதாவது, மார்பு பெண்களுக்குப் போல வீங்கி நோவது, விதைகள் சிறுத்துப் போவது, காரணமில்லாமல் உடம்பு கொதித்து வியர்ப்பது, சின்ன விழுகைக்கே எலும்பு முறிவது ஆகியவையும் வலுவான அடையாளங்கள். எரிச்சல், மறதி, வயிறு வைப்பது, உடற்பயிற்சியில் முன்னேற்றம் இல்லாதது போன்றவை ஆயிரம் காரணத்தால் வரும்.

வயது போனால் எல்லாருக்கும் குறையும்தானே? அதுக்கு ஏன் வைத்தியம்?

முப்பது, நாற்பதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு வீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்த வேகத்தில் பெரும்பாலானவர்கள் எழுபதிலும் சாதாரண அளவுக்குள்தான் இருப்பார்கள். இறங்குவதில் பெரும்பங்கு வயதோடு சேர்ந்து வரும் நிறை, சீனி, மருந்துகள் ஆகியவற்றால் வருவது. எனவே 'வயசுதானே' என்று விடுவதும் பிழை, வயது போனதற்காகவே ஊசி போடுவதும் பிழை.

எந்த நேரத்தில் இரத்தம் கொடுக்க வேணும்? வேலை முடிஞ்சு பின்னேரம் போகலாமா?

கூடாது. அதிகமான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, நேரம் போகப் போக இறங்கும். இளைஞர்களில் இந்த ஏற்ற இறக்கம் கூட. பின்னேரம் ஐந்தரைக்கு சனலிங் சென்டருக்குப் போய், டொக்டரைக் கண்டு, அதே இடத்து லாப்பில் ஆறு மணிக்கு இரத்தம் கொடுத்தால் நல்ல சுகதேகிக்கும் 'குறைவு' என்று வரக்கூடும். காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில் போங்கள்.

வெறும் வயிற்றில் போங்கள். சாப்பாடு, குறிப்பாகச் சீனி, அளவைச் சில மணித்தியாலத்துக்குக் கால்பங்கு வரைகூட இறக்கிவிடும். தண்ணீர் குடிக்கலாம், சீனி போட்ட பிளேன்ரீ வேண்டாம். பாணும் சம்பலும் இரத்தம் கொடுத்த பிறகு.

காய்ச்சல் காலத்தில் எடுக்க வேண்டாம். டெங்கு, நிமோனியா, சத்திரசிகிச்சை என்று எந்தக் கடும் வருத்தமும் ஹோர்மோனைத் தற்காலிகமாகக் கீழே தள்ளும். நன்றாகத் தேறி, சில வாரம் போகட்டும்.

இரவு வேலை செய்பவர்களுக்கு, அதாவது துறைமுகம், செக்யூரிட்டி, கோல் சென்டர் ஆட்களுக்கு, கடிகாரத்தில் உள்ள காலை உதவாது. உங்கள் நீண்ட தூக்கம் முடிந்து எழும்பிய பின் வரும் முதல் மணித்தியாலங்கள்தான் உங்களுடைய 'காலை'. லாப் திறந்திருக்கும் நேரத்தோடு இது ஒத்துவர, விடுமுறையில் இரண்டு மூன்று நாள் இரவில் தூங்கிவிட்டுப் போவது நல்லது.

முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் வில்லை எடுக்கிறீர்களா? சில லாப் இயந்திரங்களில் அது முடிவைக் குழப்பும். சில நாள் முன்னதாக நிறுத்துங்கள், இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் கையில இருக்கு. இலக்கத்தை எப்படி விளங்கிக்கொள்றது?

தாளின் மேற்பகுதியில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மாதிரி எடுத்த நேரம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். 17.40 என்று இருந்தால் மற்றதை வாசித்து மனதைப் போட்டு உளப்ப வேண்டாம், காலையில் திரும்ப எடுங்கள்.

அடுத்தது அலகு. ஒரு லாப் நனோகிராம்/டெசிலீற்றர் என்று தரும், இன்னொன்று நனோகிராம்/மில்லிலீற்றர், மூன்றாவது நனோமோல்/லீற்றர். 300, 3.0, 10.4 ஆகிய மூன்றும் ஒரே அளவுதான். அலகைப் பாராமல் 'போன முறை 320, இந்த முறை 11, அடியோடு விழுந்துவிட்டது' என்று நித்திரை இல்லாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். 11 நனோமோல் என்றால் 317. ஒன்றும் விழவில்லை. முடிந்தவரை ஒரே லாப்பில் செய்யுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் வித்தியாசம் உண்டு.

எல்லைக்கோட்டிலும் உலகம் ஒருமிக்கவில்லை. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 300 நனோகிராமுக்குக் கீழே என்கிறது. அங்குள்ள அகஞ்சுரப்பியல் சங்கம் 264 ஐக் கீழ் எல்லையாக எடுக்கிறது. ஐரோப்பியர் பலர் 8 நனோமோலுக்குக் கீழே என்றால் உறுதியாகக் குறைவு, 12 க்கு மேலே என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இடையில் உள்ளது சாம்பல் நிறம் என்கிறார்கள். எனவே உங்கள் 290 க்குப் பக்கத்தில் லாப் கணினி போட்ட 'குறைவு' அடையாளம் நோயைச் சொல்லும் தீர்ப்பு ஆகாது.

கொஞ்சம் குண்டான ஆட்களுக்கு இன்னொரு விஷயம். இரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டித் திரிகிறது. அவற்றில் ஒன்றின் பெயர் எஸ்.எச்.பி.ஜி. உடல் பருமனிலும் சீனி வருத்தத்திலும் இந்தப் புரதம் குறையும். அப்போது மொத்த அளவு குறைந்து தெரிந்தாலும், ஒட்டாமல் சுதந்திரமாக உள்ள பங்கு சரியாக இருக்கலாம். வயது போனவர்களிலும் ஈரல் வருத்தம் உள்ளவர்களிலும் நேர்மாறு: மொத்தம் நன்றாகத் தெரியும், சுதந்திரப் பங்கு குறைவு. சாம்பல் பகுதியில் வந்தவர்களுக்கு எஸ்.எச்.பி.ஜி. செய்து கணக்கிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஒருமுறை செய்தேன், உண்மையாகவே குறைவு. ஊசி தொடங்கலாமா?

இல்லை. வேறொரு நாள் காலையில் இரண்டாவது முறை செய்ய வேண்டும். முதல் முறை குறைவாக வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாவது சாதாரணமாக வந்துவிடும்.

இரண்டும் குறைவு என்றால் அடுத்த கேள்வி 'எங்கே பிழை?' என்பது. விதைகளை வேலை செய்யச் சொல்லிக் கட்டளை அனுப்புவது மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி. அந்தக் கட்டளைகள்தான் எல்.எச்., எப்.எஸ்.எச். இவை உயர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் பிழை விதைகளில். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் இவை உயராமல் இருந்தால் பிழை மேலே. அப்போது புரோலக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன்), இரும்புச்சத்து ஆகியவற்றையும் பார்ப்பார்கள். புரோலக்டின் நன்றாக ஏறியிருந்தாலோ, டெஸ்டோஸ்டிரோன் 150 நனோகிராமுக்கும் கீழே போயிருந்தாலோ, தலையிடியும் பார்வைப் பக்கங்கள் மங்குவதும் இருந்தாலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும். கபச்சுரப்பியில் புரோலக்டின் சுரக்கும் சிறு கட்டி இருந்தால் பெரும்பாலும் வில்லையிலேயே சுருங்கிவிடும், டெஸ்டோஸ்டிரோனும் பலருக்குத் தானாகத் திரும்பும். முதல் ரிப்போர்ட்டோடு ஊசி தொடங்கியிருந்தால் அந்தக் கட்டி அங்கேயே ஒளிந்திருக்கும்.

ஒரு சின்னக் குறிப்பு: வயிற்றுப் பிரட்டுக்கு எல்லாரும் போடும் டொம்பெரிடோன் வில்லை புரோலக்டினை ஏற்றும். எடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

காரணம் என்னவாக இருக்கலாம்?

சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தது, வாலிபத்தில் வந்த கூகைக்கட்டு விதைகளையும் தாக்கியது, அடிபட்டது, புற்றுநோய்க்கான சிகிச்சை ஆகியவை விதையைப் பாதிக்கும். பிறப்பிலேயே ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை பலர் நினைப்பதைவிடச் சாதாரணமானது. சின்ன, கடினமான விதைகள், உயரமான உடல், பிள்ளை இல்லாமை என்று வரும் ஒருவரில் அதை வைத்தியர் தேடுவார். தலசீமியா எனும் பரம்பரை இரத்த நோய்க்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுபவர்களுக்குக் கபச்சுரப்பியில் இரும்பு படிந்து இதே குறைவு வரும். ராகமை தலசீமியாப் பிரிவு போன்ற இடங்களில் பார்க்கப்படும் இளைஞர்கள் இதைத் தங்கள் வைத்தியர்களிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

நீண்ட நாள் எடுக்கும் வலுவான வலிமருந்துகள், மாதக்கணக்கில் எடுக்கும் பிரட்னிசொலோன், அதிக மது, முன்பு ஜிம்மில் போட்ட ஸ்டிரொயிட் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கொழும்பில் நடுவயது ஆணுக்கு அதிகம் பொருந்தும் காரணம் வயிற்றுச் சுற்றளவும் சீனியும்தான். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே ஆபத்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். இடுப்புப் பட்டியில் புதிதாகக் குத்திய ஓட்டையை நினைத்துப் பாருங்கள்.

கொழும்பில் யாரைப் போய்ப் பார்க்கிறது?

முதலில் உங்கள் குடும்ப வைத்தியர். மேலே சொன்ன ஆரம்பப் பரிசோதனைகளை அவரே எழுதலாம். அடுத்து அகஞ்சுரப்பியல் நிபுணர், ஆட்கள் என்டோகிரைனோலஜிஸ்ட் என்று சொல்பவர். விறைப்பு, விதை, புரஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) பிரச்சினை கூட என்றால் யூரோலஜிஸ்ட், அதாவது சிறுநீரியல் நிபுணர். தனியாரில் யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே சனல் பண்ணலாம். பெயரின் கீழே உள்ள துறையை வாசித்துவிட்டு நம்பர் எடுங்கள்.

செலவு தாங்காது என்றால் அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன: கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகமை. ஓ.பி.டி.யிலோ குடும்ப வைத்தியரின் கடிதத்தோடோ போனால் உரிய கிளினிக்குக்குத் திகதி தருவார்கள். பார்ப்பது இலவசம். ஆனால் எல்லா ஹோர்மோன் பரிசோதனையும் எல்லா நாளும் அங்கேயே நடக்கும் என்று எண்ண வேண்டாம், 'வெளியில் செய்துகொண்டு வாங்கோ' என்று துண்டு தருவது வழமை. அப்படி வந்தால் இரண்டு மூன்று லாப்களுக்கு போன் பண்ணி விலை கேட்ட பிறகு போங்கள். 'ஆண்கள் ஹோர்மோன் பக்கேஜ்' என்று பதினைந்து பரிசோதனையைச் சேர்த்து விற்பார்கள். முதல் சுற்றுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒன்றே போதும்.

டொக்டருக்கு முன்னால வாய் வருகுதில்ல. அவர் சிங்களவர் வேற. எப்படிச் சொல்றது?

ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, ஆசை குறைந்ததா, விறைப்பு வராததா, இரண்டுமா, காலையில் விறைப்பு வருகிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா. இவ்வளவும் போதும். 'பலவீனமாயிருக்கு டொக்டர்' என்று மட்டும் சொன்னால் விற்றமினோடு அனுப்பிவிடுவார்கள். பிழை அவர்களில் இல்லை. தமிழ் பேசும் நிபுணர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், சனல் பண்ணும்போதே கேட்கலாம். மொழிபெயர்க்க மகனையோ மருமகனையோ கூட்டிப்போவதைத் தவிருங்கள். அவருக்கு முன்னால் நீங்கள் பாதியைத்தான் சொல்வீர்கள். விதைகளைத் தொட்டுப் பார்ப்பது பரிசோதனையின் ஒரு பகுதி, அதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

மருந்து இல்லாமல் கூட்ட ஏலாதா?

பருமன் காரணம் என்றால் ஏலும். நிறையில் பத்து வீதம் குறைந்தாலே இலக்கம் ஏறுவது தெரியும். இன்னும் கூடக் குறைந்தால் இன்னும் ஏறும். தூக்கமும் பெரிய விஷயம். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் இறங்கியது. 2011 இல் வெளிவந்த முடிவு அது. குறட்டைக்காரர் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. விதையோ கபச்சுரப்பியோ பழுதானவருக்கு மட்டும் நடையும் சாப்பாடும் போதாது, மருந்து வேண்டும்.

சீனி வருத்தக்காரருக்கு விறைப்பு வராததும் இதனாலதானா?

பெரும்பாலும் இரத்தக் குழாயும் நரம்பும் பாதிக்கப்பட்டதால். டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருக்கலாம் என்பதால் பார்ப்பது நியாயம். விறைப்புப் பிரச்சினைக்கு சில்டெனாபில் போன்ற வில்லைகள் தனியாக உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைத் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தாக விழும். இன்னொன்று: ஆண்குறியின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அங்கே அடைப்பு முதலில் தெரியும், நெஞ்சு வலி சில வருடம் கழித்து வரும். எனவே விறைப்புக் கோளாறோடு வருகிறவருக்கு வைத்தியர் ஈ.சி.ஜி.யும் கொலஸ்ட்ரோலும் எழுதினால் காசு பறிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

ஊசி, ஜெல், வில்லை: எது நல்லது?

எண்ணெயில் கரைத்த ஊசி பழையதும் மலிவானதும். பின்புறத் தசையில் ஆழமாக, மெதுவாகப் போட வேண்டும். எண்ணெய் தடிப்பு என்பதால் அவசரப்பட்டால் இரண்டு நாள் இருக்க முடியாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை போடும் வகையில் முதல் சில நாள் உற்சாகம் துள்ளும், கடைசி நாட்களில் மனமும் உடம்பும் இறங்கும். இடைவெளியைக் குறுக்கி அளவைப் பிரித்தால் இது சீராகும். ஜிம் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சஸ்டனோன் 250 இந்த வகைதான். நான்கு வடிவ டெஸ்டோஸ்டிரோன் கலவை. அது கச்சான் எண்ணெயில் செய்யப்படுவது. கச்சான் ஒத்துவராதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நீண்ட நாள் ஊசி, அண்டெகனோவேற் எனும் டெஸ்டோஸ்டிரோன் வடிவம் 1000 மில்லிகிராம், ஆமணக்கெண்ணெயில் வரும். இரண்டாவது ஊசி ஆறு கிழமையில், அதன்பிறகு 10 முதல் 14 கிழமைக்கு ஒருமுறை. போட்டவுடன் இருமல், மூச்சுத்திணறல் வரக்கூடும் என்பதால் அரை மணித்தியாலம் அங்கேயே இருக்க வைப்பார்கள். ஆட்டோ வெளியில் காத்து நிற்கிறது என்று ஓடி வராதீர்கள்.

ஜெல் தினமும் தோளிலோ வயிற்றிலோ பூசுவது. அளவு சீராக இருக்கும், ஆனால் விலை கூட. பூசிய தோலைக் குழந்தையோ மனைவியோ தொட்டால் அவர்களுக்கும் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கு முந்திய முடி வளர்ச்சிவரை நடந்திருக்கிறது. கை கழுவி, காய்ந்தபின் உடுப்பால் மூட வேண்டும். அண்டெகனோவேற் வில்லை கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும்.

எது கிடைக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவிலும் பெரிய பார்மசிகளிலும் முதலில் விசாரித்து, இருப்பதை வைத்தியரிடம் சொல்லித் தீர்மானிப்பது நடைமுறைக்குச் சரி.

கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம், பிள்ளை இல்லை. ஆண்மையைக் கூட்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்றாங்கள்.

போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் கபச்சுரப்பி 'போதும்' என்று எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விந்தணு உண்டாக விதைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். கட்டளை நின்றதும் அந்தச் செறிவு விழும், சில மாதத்தில் விந்தணு எண்ணிக்கை பூச்சியத்துக்கே போகலாம். இதையே ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனம் ஆய்வு நடத்தியிருக்கிறது. அவ்வளவு வேலை செய்யும். உடம்பு திரள்கிறது, ஆசை கூடுகிறது, மாமியார் வீட்டுக்குச் சந்தோசம், எஸ்.எப்.ஏ. (விந்துப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் பூச்சியம்.

நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 மாதத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்வரை போகும், சிலருக்கு முழுமையாகத் திரும்பாது. பிள்ளை வேண்டும், ஹோர்மோனும் குறைவு என்றால் வேறு வழி உண்டு: எச்.சி.ஜி. ஊசி, தேவைப்பட்டால் எப்.எஸ்.எச்., சிலருக்குக் குளோமிபீன் வில்லை. இவை விதையையே வேலை செய்ய வைப்பவை. எனவே முதலில் எஸ்.எப்.ஏ., மனைவிக்கும் அதே காலத்தில் பரிசோதனை, பிறகு நிபுணர். பிள்ளை பெறும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, பின்னர் உண்டு என்றாலும் தொடங்கும் முன் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வைத்தியர் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

ஜிம்மில ஒரு அண்ணா ஸ்டிரொயிட் 'கோர்ஸ்' போட்டுத் தாறன் எண்டுறார். இரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்லாம் சரி.

எல்லாம் சரி என்றால் எதற்கு? அண்ணா தருவது மருத்துவ அளவின் பல மடங்கு. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. நல்ல கொலஸ்ட்ரோல் விழும், இரத்தம் தடிக்கும், மார்பு வீங்கும், நிறுத்தியதும் சொந்தச் சுரப்பு மாதக்கணக்கில் எழும்பாது. அந்த இறக்கத்தில் வரும் மனச்சோர்வில்தான் பலர் இரண்டாவது கோர்ஸ் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள், எல்.எச். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அவர் ஊகித்துவிடுவார். போட்டிகளில் விளையாடுபவர் என்றால் டெஸ்டோஸ்டிரோன் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது.

ஊசியால மாரடைப்பு, புரஸ்டேட் புற்றுநோய் வருமாமே?

இதயம் பற்றிய பயத்துக்கு 2023 இல் பெரிய பதில் ஒன்று வந்தது. 45 முதல் 80 வயது வரையான, இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள, ஹோர்மோன் குறைந்த 5,200 பேர் அளவில் செய்த ட்ராவெர்ஸ் ஆய்வில், ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் பிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, நுரையீரலில் இரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கொஞ்சம் கூடின. எனவே 'முற்றாகப் பாதுகாப்பு' என்று விற்பவரையும் நம்ப வேண்டாம். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் குறைந்தது ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

புற்றுநோயை இது புதிதாக உண்டாக்குவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஒளிந்திருப்பதைத் தூண்டக்கூடும் என்பதால் நாற்பது தாண்டியவர்களுக்கு முதலில் பி.எஸ்.ஏ. எனும் புரஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள். புரஸ்டேட் அல்லது மார்புப் புற்றுநோய் உள்ளவருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

கொழும்பில் எல்லாருக்கும் டெங்குவால் பழகிப்போன பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குழியங்களின் பங்குதான் இங்கே அதிகம் கவனிக்க வேண்டியது. டெஸ்டோஸ்டிரோன் செங்குழியங்களைக் கூட்டும். பி.சி.வி. 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி அல்லது குறைத்துக் காரணம் தேட வேண்டும். தொடங்கிய 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, ஒரு வருடத்தில் ஒருமுறை, பிறகு வருடாவருடம் பி.சி.வி., பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் பாருங்கள். ஊசி போட்டுவிட்டு இரத்தம் பார்க்கச் சொல்லாத இடத்துக்கு இரண்டாவது முறை போகாதீர்கள்.

எவ்வளவு நாளில் வித்தியாசம் தெரியும்? தொடங்கினால் சாகும்வரையா?

ஆசை மூன்று முதல் ஆறு கிழமையில். தசையும் கொழுப்பும் மூன்று நான்கு மாதத்தில். எலும்புக்கு ஆறு மாதத்துக்கு மேல். இலக்கம் நன்றாக ஏறியும் ஆறு மாதத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் உங்கள் பிரச்சினை டெஸ்டோஸ்டிரோன் அல்ல. நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். விதையோ கபச்சுரப்பியோ நிரந்தரமாகப் பழுது என்றால் வாழ்நாள் முழுக்க. பருமனால் வந்தது என்றால் நிறை குறைந்தபின் விட்டுப் பார்க்கலாம்.

நாட்டு மருந்து? பேஸ்புக்கில வாற கப்சியூல்?

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் பதிவு பெற்ற வைத்தியர் தருவது வேறு, வீட்டு வாசலில் பார்சலாக வரும் பெயரில்லாத கப்சியூல் வேறு. அமுக்கராவுக்குச் சின்னச் சின்ன ஆய்வுகளில் இலக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. பார்சல் கப்சியூல்களில் சில்டெனாபில் இரகசியமாகக் கலந்திருப்பதை உலகெங்கும் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'ஒரே இரவில் பலன்' என்பதன் இரகசியம் பெரும்பாலும் அதுதான். நைட்ரேட் எடுக்கும் இதய நோயாளிக்கு அது உயிராபத்து.

என்ர அவர் டொக்டரிட்ட வரமாட்டன் எண்டுறார். நான் என்ன செய்ய?

'ஆண்மைப் பரிசோதனை' என்று சொன்னால் யாரும் வரமாட்டார். 'பிரஷரும் சீனியும் பார்த்துக்கொண்டு வருவம்' என்று கூட்டிப்போங்கள். முதல் சந்திப்புக்கு அது உண்மையிலேயே தேவையும்கூட. முடிந்தால் நீங்களும் உள்ளே இருங்கள். அவர் குறட்டை விடுவதும் இடையில் மூச்சு நிற்பதும் உங்களுக்குத்தான் தெரியும். கோபம், அழுகை, 'வாழ்ந்து என்ன' என்ற பேச்சு இருந்தால் ஹோர்மோன் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கனடாவில் இருக்கிற தம்பி தன்ர ஜெல்லில ஒண்டை அனுப்பிறன் எண்டுறார். பூசலாமா?

தம்பிக்கு எழுதிக் கொடுத்தது தம்பியின் இரத்தத்தைப் பார்த்து. ஜெல் 1 வீதம், 1.62 வீதம், 2 வீதம் என்று பல செறிவில் வருகிறது. அவருடைய ஒரு பம்ப் உங்களுக்குச் சரியான அளவாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பூசத் தொடங்கிய பிறகு செய்யும் பரிசோதனையில் உங்கள் சொந்த அளவும் தெரியவராது, எல்.எச். அமுங்கி, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டுவிடும். வந்து சேர்ந்துவிட்டால் திறக்காமல் வையுங்கள். இரண்டு காலைப் பரிசோதனையும் முடிந்து, நிபுணர் ஜெல்தான் வேண்டும் என்று சொன்னால், பெட்டியோடு கொண்டுபோய்ச் செறிவையும் காலாவதித் திகதியையும் அவரிடம் காட்டுங்கள்.